தேய்வதற்கென்றே ஒரு பாகம்: சேம அச்சு முதல் ஜிம் புஷ் வரை

ஸ்பேர் பார்ட் என்பது மோட்டார் காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்கிறீர்களா? புறநானூற்றின் 102ஆம் பாடலைப் பாருங்கள். உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். வழியில் மேடு வரும், பள்ளம் வரும், அச்சு முறிந்தால் மாற்ற வேண்டுமே! அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்த மாற்று அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடினார்.

அச்சு முறிவது ஒரு பிரச்சினை என்றால் தேய்வது இன்னொரு பிரச்சினை. அதற்கும் வண்டிக்காரர்கள் வழி வைத்திருந்தார்கள். மரக் குடத்துக்குள் ஒரு வார்ப்பிரும்புக் குழாயைச் செருகினார்கள். குடம் தேயாமல் குழாய் தேயும், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். புஷ் என்பது இவ்வளவுதான்! வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மைதான் அன்றைய கிரீஸ். பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்தி மூட்டை ஏற்றிய வண்டிகளும் இப்படித்தான் ஓடின.

1920களின் இறுதியில் விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் அரியலூர் வழியாக வந்தது. (பெரம்பலூருக்கு ரயில் வரவில்லை. இன்றும் அந்த ஊர்க்காரர்கள் ரயில் ஏற அரியலூருக்குத்தான் வர வேண்டும்.) அன்றைய ரயில் பெட்டிகளின் அச்சு, ஐசக் பாபிட் 1839இல் கண்டுபிடித்த ஈய நிற மெத்தென்ற உலோகப் பூச்சின் மேல் சுழன்றது. அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய நூல் கழிவை அடைத்து வைப்பார்கள். எண்ணெய் வற்றினால் அச்சு சூடேறிப் புகையும்.

இந்த ரயில் அச்சுகளுக்காக இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்பவர் செய்த சோதனை சுவாரசியமானது. முடிவுகள் 1883இல் வெளிவந்தன. எண்ணெய் விட அவர் போட்ட துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கியது! தக்கை வைத்து அடைத்தார், தக்கை பிதுங்கி வந்தது. மரமுளை அடித்தார், அதுவும் வெளியேறியது. அழுத்தமானியைப் பொருத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே உள்ளே இழுத்து ஒரு படலம் உண்டாக்குகிறது, அச்சு அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார்.

ஆனால் மிதக்க வேகம் வேண்டும். ஜிம் இயந்திரத்தில் இல்லாதது அதுதான்.

உடற்பயிற்சி இயந்திரங்கள் புதியவை அல்ல. குஸ்தாவ் சாண்டர் 1865இலேயே ஸ்டாக்ஹோமில் அதற்கென ஒரு நிலையம் நடத்தினார். ஆர்தர் ஜோன்ஸின் நாட்டிலஸ் 1970இல் வந்தது. இவற்றின் கைகள் முழுச் சுற்று சுற்றுவதில்லை, ஊஞ்சல் போலப் போய் வருகின்றன. 20 மி.மீ. பின் ஒன்று 60 பாகை ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர புஷ்ஷில் உரசும் தூரம் 21 மி.மீ. தினம் 1,000 முறை, வருடம் 300 நாள் என்றால் மொத்தமே சுமார் 6 கிலோமீட்டர்தான். இது ஒரு தூரமா என்று தோன்றும். ஆனால் திசை மாறுவது 6 லட்சம் தடவை! ஒவ்வொரு தடவையும் வேகம் பூஜ்யம், படலம் கிடையாது, பாரம் அப்படியே இருக்கிறது. அந்த விதத்தில் இது ரயிலை விட மாட்டு வண்டிக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

இன்று இந்த இரண்டு ஊர்களிலும் ஜிம்கள் இருக்கின்றன. புஷ் தேய்ந்தால் கம்பெனிப் பாகத்துக்குக் காத்திருக்காமல் லேத் பட்டறையில் கன்மெட்டலிலோ நைலானிலோ கடைந்து போட்டுவிடலாம். தாங்குமா என்பதுதான் கேள்வி. லேத்தில் மாட்டிச் சுற்றிப் பார்த்து "நல்லா ஓடுது" என்பது இங்கே சோதனையே ஆகாது. எண்ணெயைத் துளைகளில் தேக்கிய வெண்கலப் புஷ்ஷை 1930களில் கிரைஸ்லர் 'ஆயிலைட்' என்ற பெயரில் விற்றது. மோட்டாரில் அருமையாக உழைக்கும். ஆனால் சுழற்சிதான் அந்த எண்ணெயை வெளியே இழுக்கிறது. மெதுவாக ஆடும் மூட்டில் அதன் பலன் குறைவு.

1953இல் ஆர்ச்சர்ட் தந்த விதிப்படி பாரம் இரண்டு மடங்கானால் தேய்மானமும் இரண்டு மடங்கு. எனவே அதே பாரம், அதே கோணம், திசை மாற்றம் எல்லாம் வைத்து ஆட்டி, இடையிடையே பின்னுக்கும் புஷ்ஷுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். இடைவெளி கூடினால் கை சாயும், மேலே பாரத்தோடு ஒருவர் படுத்திருப்பார்!

தூசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ஊர். அந்தத் தூசி கிரீஸில் ஒட்டினால் உப்புத்தாள் வேலை செய்யும். நைலானுக்கு இன்னொரு குணம், ஈரத்தைக் குடித்து உப்பும். சித்திரையில் சரியாகப் பொருந்திய புஷ் கார்த்திகை மழையில் பின்னை இறுக்கிப் பிடிக்கும். அதனால் நைலான் புஷ்ஷைக் கடைந்ததும் ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, துளையை மறுபடி அளந்த பிறகே ஆட்டத் தொடங்க வேண்டும்.