மலைப்பாதையில் லொறிச் சில்லுகள்: எதைத் திருத்தலாம், எதைக் கைவிட வேண்டும்?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது நுவரெலியா. அங்கிருந்து மரக்கறி ஏற்றிய லொறி கொழும்புக்கோ தம்புள்ளைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவதென்றால் முதலில் மலையிறங்க வேண்டும். கம்பளைப் பக்கம் இறம்பொடை வளைவுகள். ஹட்டன் பக்கம் தலவாக்கலை, வட்டவளை, கினிகத்தேனை. தோட்டங்களுக்குள் நிலைமை இன்னும் மோசம். கல் பெயர்ந்த பாதையில் கொழுந்துச் சாக்குகளுடன் லொறி குதித்துக் குதித்துத்தான் தொழிற்சாலைக்கு வந்து சேரும். பல தோட்டங்களில் அதே லொறியில், அதே டிராக்டர் பெட்டியில் தொழிலாளர்களும் மலைக்கு ஏற்றிச் செல்லப்படுகிறார்கள்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல வீதியில் பஸ், வேன், முச்சக்கரவண்டி மோதி 7 பேர் இறந்தனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் அதிகமானோர் இறந்தனர். இந்த விபத்துகளுக்குச் சில்லு காரணம் என்று இங்கே சொல்ல வரவில்லை. தட்டையான வீதியில் ஓரங்கட்டி நிறுத்திவிடக்கூடிய ஒரு கோளாறு, இந்த மலைகளில் உயிரிழப்பில் முடியக்கூடும் என்பதை நினைவூட்டவே இவற்றைக் குறிப்பிடுகிறோம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளே ஓடின. பழைய ரிம்கள் தட்டி நிமிர்த்தப்பட்டன, ஒட்டப்பட்டன. இன்னொரு பக்கம் டபுள் கெப், சிறிய லொறி வைத்திருப்பவர்களிடையே அழகுக்காக அகலமான அலோய் வீல் மாட்டும் பழக்கமும் பரவியிருக்கிறது. இரண்டிலும் கவனிக்க வேண்டியவை வேறு வேறு.

இரும்பு வளையும், அலோய் வெடிக்கும்

வாகனத்தோடு வரும் இரும்பு ரிம் குழியில் அடிபட்டால் பெரும்பாலும் நெளியும். காற்று மெல்ல இறங்கும், ஸ்டியரிங் ஆடும். சாரதிக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கும். வார்ப்பு அலோய் வீலில் இருப்பது அலுமினியத்தோடு சுமார் 7 வீதம் சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்த கலவை. அது எடை குறைந்தது, வெப்பத்தை விரைவாகக் கடத்துவது. ஆனால் தாங்கும் எல்லையைக் கடந்தால் அதிகம் வளைந்து கொடுக்காமல் வெடித்துவிடும். உருக்கி ஊற்றாமல் அழுத்தி அடித்துச் செய்யப்படும் அலோய் வீல்கள் இதைவிடப் பலமானவை, விலையும் அதிகம்.

வெடிப்பு எப்போதும் ஒரே அடியில் வருவதில்லை. 7.50-16 டயர் போட்ட லொறிச் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 400 தடவை சுற்றும். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேருவதற்குள் 60,000 சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் ரிம்மின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தடவை சுமையை வாங்கி விடுகிறது. மயிரிழை போன்ற ஒரு கீறல் இருந்தால் இந்தச் சுற்றுகள்தான் அதை வளர்க்கின்றன.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சில்லின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தரமான அலோய் வீலில் அது தாங்கும் அதிகபட்ச சுமை கிலோகிராமில் பொறிக்கப்பட்டிருக்கும். பின் அச்சில் 1,800 கிலோ சுமை இருந்தால், இரண்டு சில்லுகள் உள்ள வண்டியில் ஒவ்வொன்றும் குறைந்தது 900 கிலோ தாங்க வேண்டும். எண் எதுவும் இல்லாத சில்லைச் சுமை ஏற்றும் வண்டிக்கு வாங்கக்கூடாது. ஜப்பானிய சில்லுகளில் ‘ஜே.டபிள்யூ.எல்.’ என்ற குறி பயணிகள் காருக்கானது. லொறி, பஸ்ஸுக்கு ‘ஜே.டபிள்யூ.எல்.-டி’ என்று இருக்கும். கார் குறியுள்ள சில்லு துளைகள் பொருந்துகின்றன என்பதற்காக லொறிக்கு ஏற்றதாகிவிடாது.

நட் உட்காரும் இடமும் முக்கியம். கூம்பு வடிவம், உருண்டை வடிவம், தட்டை என்று மூன்று வகை உண்டு. சில்லுக்கு ஒரு வகையும் நட்டுக்கு வேறு வகையும் இருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் தொடுவது ஓர் ஓரம் மட்டுமே, ஓடும்போது தளரும். சில்லை வெளியே தள்ளி அகலமாகக் காட்ட வைக்கும் ஸ்பேசர், பெயாரிங் மீதும் ஸ்டட் மீதும் விழும் சுமையை மாற்றிவிடுகிறது. வளைவுக்கு வளைவு திரும்பும் மலைப்பாதையில் அதன் விளைவு சீக்கிரமே தெரியும்.

நட்டை மறந்தால்

2002 ஜனவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி லொறி ஒன்றின் முன்சில்லு கழன்று, நடைபாதையில் சென்ற ஒரு தாயைக் கொன்றது. அவரது இரு பிள்ளைகளும் காயமடைந்தனர். பராமரிப்புக் குறைவுதான் காரணம் என்று முதலில் நிறுவனம் கூறியது. ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை 2004இல் ஒப்புக்கொண்டது. பராமரிப்பு ஒழுங்காக இருந்தாலும் தயாரிப்புக் குறை இருக்கலாம் என்பது ஒரு பாடம். ஜப்பானில் பின்னர் பதிவான சில்லு கழன்ற சம்பவங்கள் இன்னொன்றையும் காட்டின: அவற்றில் பெரும்பாலானவை சில்லைக் கழற்றி மாட்டிய ஒரு மாதத்துக்குள், இடது பின்பக்கத்தில் நடந்தவை. நம்மைப் போலவே அங்கும் வாகனங்கள் இடதுபக்கம்தான் ஓடுகின்றன.

எனவே சில்லை மாட்டி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். பழைய ஜப்பானிய லொறிகளின் இரட்டைப் பின்சில்லுகளில் உள்நட், வெளிநட் என இரண்டு இருக்கும். வெளிநட்டைத் தளர்த்தாமல் உள்நட்டை இறுக்க முடியாது. பலர் வெளிநட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போகிறார்கள். அந்த லொறிகளில் இடதுபக்க மரை எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதையும் மறக்கக்கூடாது.

22 மில்லிமீற்றர் ஸ்டட் உள்ள பெரிய லொறிக்கு ஏறத்தாழ 600 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வேண்டும். அளவு காட்டும் சாவி இல்லாத இடத்தில் ஒரு கணக்கு உதவும்: ஒரு மீற்றர் நீளக் கம்பியைப் படுக்கையாக வைத்து, அதன் நுனியில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் தன் முழுப் பாரத்தையும் கொடுத்தால் கிடைப்பது அந்த அளவே. இது வழியில் சமாளிக்க மட்டும். டபுள் கெப்பின் 12 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு இதே பாரத்தைக் கொடுத்தால் அது அறுந்துபோகும். அதற்கு 110 அளவே போதும். ஹப்பும் சில்லும் சேரும் முகத்தில் பெயின்ட் பூசாதீர்கள். பெயின்ட் நசுங்கும்போது நட் தளரும்.

எதைத் திருத்தலாம்?

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த வடக்கு மக்கள் மண்ணெண்ணெயில் காரை ஓட்டினார்கள், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டார்கள். எதையும் தூக்கி எறியாமல் திருத்தும் கைப்பக்குவம் அந்தக் காலம் கொடுத்தது. 2022இன் நெருக்கடியில் நாடு முழுவதும் அதையே செய்தது. அது மதிக்க வேண்டிய திறமை. ஆனால் சில்லில் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

இரும்பு ரிம்மின் விளிம்பு நெளிந்திருந்தால் நிமிர்த்தலாம். துருவைச் சுரண்டிப் பூச்சு அடிக்கலாம். உரமும் டொலமைற்றும் ஏற்றும் லொறிகளில் சில்லைத் தண்ணீரால் கழுவிவிடுவது அவசியம். அந்தத் தூளும் மலை ஈரமும் சேர்ந்தால் துரு வேகமாகப் பிடிக்கும். அலோய் வீலில் மேற்பூச்சுக் கீறல், விளிம்பில் சிறு உரசல் ஆகியவற்றைச் சரிசெய்யலாம்.

நட் துளையைச் சுற்றியோ, கம்பிகள் நடுவோடு சேரும் இடத்திலோ, டயர் உட்காரும் விளிம்பிலோ வெடிப்பு இருந்தால், இரும்பானாலும் அலோயானாலும், அந்தச் சில்லைக் கைவிட வேண்டும். முட்டை வடிவமாகிப்போன நட் துளைக்கும் அதுதான் முடிவு. அலோய் வீலைத் தொழிற்சாலையில் 540 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி, திடீரெனக் குளிர்வித்து, பின்னர் மிதமான சூட்டில் பல மணிநேரம் வைத்தே பலமேற்றுகிறார்கள். காஸ் சுடரால் சூடாக்கி நிமிர்த்தும்போதோ ஒட்டும்போதோ அந்தப் பலம் அந்த இடத்தில் போய்விடுகிறது. அலுமினியம் உருகும் வரை சிவப்பதும் இல்லை. எவ்வளவு சூடேறியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பளபளவென்று திரும்பி வரும் சில்லின் உள்ளே பலவீனமான ஒரு வட்டம் இருக்கும்.

வெடிப்பைக் கண்டுபிடிக்கப் பழைய பட்டறை வழி ஒன்று உண்டு. இடத்தைச் சுத்தமாக்கி மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு வெண்கட்டித் தூளைத் தூவுங்கள். கீறல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வந்து தூளில் கறுத்த கோடாகத் தெரியும்.

டயர் கடைப் பையன்களுக்கு

டயரைக் கழற்றாமல் ரிம்மை ஒட்டவே கூடாது. காற்றை இறக்கியிருந்தாலும் உள்ளே சூடேறும் ரப்பரிலிருந்து எரிவாயு கிளம்பி, டயர் குண்டு போல வெடிக்கும். லொக் ரிங் வைத்த ரிம்மிலும் ஆபத்து உண்டு. துருப்பிடித்த அல்லது வேறு ரிம்முக்குரிய வளையம் காற்று ஏறும்போது பறந்து வந்தால் ஆளைக் கொன்றுவிடும். அமெரிக்காவில் 1980இலேயே இதற்கெனத் தனி விதி வகுக்கப்பட்டது: இரும்புக் கூட்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும், ஆள் விலகி நிற்க வேண்டும், கழற்றுமுன் வால்வின் ஊசியை எடுத்துக் காற்றை முழுவதும் விட வேண்டும். நம் டயர் கடைகளில் கூடு இருப்பது அரிது. வளையத்துக்கு நேரே குனிந்து நிற்காமல், நீளக் குழாயுடன் பக்கவாட்டில் விலகி நிற்பதையாவது வழக்கமாக்க வேண்டும்.

லொறிகளும் பஸ்களும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறத் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது ஒரு நாளைய பரிசோதனை. மிச்ச நாட்களில் சில்லைப் பார்ப்பவர் சாரதியும் உதவியாளருமே. பெரும்பாலும் வண்டி அவர்களுடையதல்ல. ரிம்மை மாற்றச் சொல்லும் அதிகாரமும் அவர்களிடம் இல்லை. ‘இந்த ஒரு நடை மட்டும் போய் வா’ என்ற சொல்லுக்குத் தலையாட்டினால்தான் நாள்சம்பளம். ஆகவே வெடிப்பைக் கண்டால் தொலைபேசியில் படமெடுத்து, திகதியோடு உரிமையாளருக்கோ தோட்ட நிர்வாகத்துக்கோ அனுப்பிவையுங்கள். தொழிலாளர்களை ஏற்றும் வண்டியென்றால் தொழிற்சங்கத் தலைவருக்கும் ஒரு பிரதி போகட்டும். நாளை ஏதாவது நடந்தால் ‘சாரதியின் கவனக்குறைவு’ என்று எழுதி முடிப்பது அப்போது அவ்வளவு எளிதாக இருக்காது.