மாத நாவலும் மறந்துபோன வாசகரும்
ஆரணியார் முதல் பாக்கெட் நாவல் வரை

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் புலவர் பெயர் உண்டு, நூற்பெயர் உண்டு, பதிப்பித்தவர் பெயரும் ஆங்காங்கே உண்டு. அந்நூல்களை விலை கொடுத்து வாங்கியோர், இரவல் பெற்றோர், படித்துவிட்டுப் பக்கத்து வீட்டாரிடம் வாதிட்டோர் ஆகியோருக்கு மட்டும் அவற்றில் இடமில்லை. வாசகரை விட்டுவிட்டு எழுதப்படும் இலக்கிய வரலாறு பாதி வரலாறே ஆகும்.

மணிவாசகர் திருவெம்பாவை அருளிய தலம் என வழங்கும் அடி அண்ணாமலையில் கூடும் நம் வட்டம், கடந்த பத்தாண்டுகளாகக் கவிதைக்கே முதலிடம் தந்து வந்துள்ளது. அவ்வட்டத்தின் நிறைவு மலரில் மாத நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில அன்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். ஆயினும், நம்முள் பலரைப் பாடநூலுக்கு அப்பால் படிக்கப் பழக்கியவை பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய சிறு புத்தகங்களே என்பதை மறுப்பதற்கில்லை. அன்றியும், இவ்வரலாற்றின் ஒரு முக்கியமான கண்ணி நம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை நாமே எழுதாவிடில் வேறு யார் எழுதுவர்?

ஆரணியார் வகுத்த வழி

தமிழின் முதல் நாவலாகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறியது. பி.ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. இலக்கிய வரலாறுகள் இவ்விரண்டையும் விரிவாகப் பேசிவிட்டு, மணிக்கொடிக் காலத்திற்கு, அதாவது 1930களுக்கு, ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் தமிழ் மக்கள் நாவல் படிக்காமல் இருந்தனரா? இல்லை. அக்காலத்தில்தான் நாவல் படிப்பது ஒரு பழக்கமாகவே மாறியது.

அம்மாற்றத்தை நிகழ்த்தியோருள் ஒருவர் ஆரணி குப்புசாமி முதலியார். 1915இல் நாகவேடு முனிசாமி முதலியாரால் தொடங்கப்பெற்ற ஆனந்தபோதினி இதழின் ஆசிரியராக அவர் விளங்கினார். ஆங்கில நாட்டில் வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் விற்ற ரெயினால்ட்ஸின் மர்மக் கதைகளைத் தமிழ் ஊர்களுக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் மாற்றி, இரத்தினபுரி இரகசியம் போன்ற பல பாக நாவல்களாக அவர் வழங்கினார். ரெயினால்ட்ஸைத் தம் நாட்டுத் திறனாய்வாளர்கள் மதிக்கவில்லை. இந்தியாவிலோ பல மொழிகளில் அவர் பெயர்க்கப்பட்டார். கதை கடன் வாங்கியதே. ஆனால், அதனைப் படிக்க எழுந்த கூட்டம் கடன் வாங்கியதன்று.

ஜே.ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாளும் அவர் படைத்த துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் மேனகாவும் கும்பகோணம் வக்கீலும், அவருடைய துப்பறிவாளராகிய திகம்பர சாமியாரும் அக்காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டனர். மேனகா 1935இலும் திகம்பர சாமியார் 1950இலும் திரைப்படங்களாயின. வடுவூரார் மனோரஞ்சினி என்னும் இதழின் வழியே நாவல்களை வெளியிட்டார். 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்களை எழுதினார். முறையான பள்ளிக் கல்வி பெறாத ஒரு பெண்மணி, இதழாசிரியராகவும் வெளியீட்டாளராகவும் நாவலாசிரியராகவும் விளங்கியதைத் தமிழுலகம் இன்னும் போதிய அளவு வியக்கவில்லை என்றே கூற வேண்டும்.

பிற்காலத்து மாத நாவலுக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் இக்காலத்திலேயே அமைந்துவிட்டன: குறித்த நாளில் வரும் இதழ், மீண்டும் மீண்டும் தோன்றும் துப்பறிவாளர், அடுத்து என்ன வருமென ஏங்கும் வாசகர்.

இதழாகப் பிறந்த புத்தகம்

1969இல் தினத்தந்திக் குழுமம் ராணிமுத்துவைத் தொடங்கியது. மாதத்திற்கு ஒரு முழு நாவல் என்பதே அதன் திட்டம். முதல் நாவல் அகிலனின் பொன்மலர். அதே அகிலன் 1975ஆம் ஆண்டிற்குரிய ஞானபீட விருதைச் சித்திரப்பாவைக்காகப் பெற்றார். உயர்ந்தது, மலிவானது என்னும் பிரிவினை தாளின் விலையால் அமைவதன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

இத்திட்டத்தின் வெற்றிக்குரிய காரணம் இலக்கியத்திற்குள் மட்டும் இல்லை. அது வணிக முறையிலும் இருந்தது. புத்தகம் புத்தகக் கடைக்குச் செல்லும்; அக்கடை பெரிய ஊர்களில் மட்டுமே இருக்கும். மாத நாவலோ இதழாகப் பதிவு பெற்றது. ஆகவே, அஞ்சற் சலுகை கிட்டியது; நாளிதழைக் கொண்டுசெல்லும் முகவரே இதனையும் சுமந்து சென்றார். செங்கத்திலும் போளூரிலும் வந்தவாசியிலும் புத்தகக் கடையைத் தேட வேண்டியதில்லை. நாளிதழ் தொங்கிய கடையில் நாவலும் தொங்கியது. செய்தித்தாள் காகிதம், கம்பித் தையல், வண்ண அட்டை என்ற எளிய அமைப்பு, விலையைத் தேநீர்க் கடைக் கணக்கிற்குள் அடக்கியது.

குமுதம் குழுமத்தின் மாலைமதியில் சுஜாதாவின் நாவல்கள் பல வந்தன. கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமாரின் முதல் நாவலான வாடகைக்கு ஓர் உயிர் 1980இல் அவ்விதழில்தான் வெளிவந்தது. பின்னர் அவர் எழுதிய நாவல்கள் 1500ஐக் கடந்தன. 1980களில் பதிப்பாளர் ஜி. அசோகன் பாக்கெட் நாவலைத் தொடங்கி, அதனைத் தொடர்ந்து கிரைம் நாவல் முதலிய இதழ்களையும் வெளியிட்டார். பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்னும் பெயரில் இணைந்தெழுதிய சுரேஷும் பாலகிருஷ்ணனும், புஷ்பா தங்கதுரை, இந்திரா சௌந்தர்ராஜன் முதலியோர் மாதந்தோறும் எதிர்பார்க்கப்பட்டனர். குடும்ப நாவலில் ரமணிசந்திரனுக்கு இருந்த பெண் வாசகர் கூட்டமோ தனியொரு நாடு எனத் தகும்.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. கதையின் நீளத்தைக் கதை தீர்மானிக்கவில்லை. பாரக் கணக்கு தீர்மானித்தது. பக்கம் மிஞ்சினால் உரையாடல் வளர்ந்தது; குறைந்தால் முடிவு விரைந்தது. மாதத்தேதி தவறக்கூடாது என்னும் கட்டாயத்தால் திருத்தி எழுதும் பொழுது எழுத்தாளனுக்கு வாய்க்கவில்லை. கொலையுண்ட பெண்ணுடல் அட்டைக்கு அணியாகிய இதழ்களும் பல. இக்குறைகளை மூடி மறைத்தல் வரலாறாகாது. ஆனால், இக்குறைகளைக் காட்டி அவ்வாசகர் கூட்டத்தையே இல்லையெனக் கூறுவதும் வரலாறாகாது.

பேசிய வாசகர்

1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து இதழும், அதன் வழி வந்த சிற்றிதழ்களும் வெகுமக்கள் எழுத்துக்கு எதிர்நிலையில் நின்றே புதுக்கவிதையையும் திறனாய்வையும் வளர்த்தன. நம் வட்டத்தின் வேர்களும் அங்கேதான் உள்ளன. அக்கண்டிப்பு அன்று தேவையாக இருந்தது. எனினும், அக்கண்டிப்பு ஒன்றைக் காணத் தவறியது: மாத நாவலின் வாசகரும் தமக்குள் திறனாய்வு செய்துகொண்டிருந்தனர்.

கணேஷ் பெரியவனா, வசந்த் பெரியவனா? விவேக்–ரூபலாவை விடப் பரத்–சுசீலா இணை சுவையானதா? நரேந்திரனும் வைஜயந்தியும் சென்ற மாதம் துப்புத் துலக்கிய முறை பொருந்துமா? கொலைகாரனை எத்தனையாவது பக்கத்தில் கண்டுபிடிக்க முடிந்தது? இவ்வினாக்கள் விடுதி அறைகளிலும் அலுவலக இடைவேளைகளிலும் எழுந்தன. அஞ்சலட்டையில் ஏறி இதழ்களின் வாசகர் கடிதப் பகுதியை அடைந்தன. கதைக் கட்டுமானம், பாத்திர ஒருமை, நடை என்று நாம் பெயரிட்டு ஆராய்வனவற்றையே அவர்கள் பெயரிடாமல் ஆராய்ந்தனர்.

சிவகாசியில் 1972இல் தோன்றிய முத்து காமிக்ஸும் 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸும் இத்தகைய உரையாடலை இன்னும் நெடுங்காலம் காத்தன. லயன் ஆசிரியர் எஸ். விஜயன், உரிமை வாங்கிய கதை, அச்சுக்கூடத் தொல்லை, விற்பனை ஏற்ற இறக்கம் ஆகியவற்றை இதழிலேயே வாசகரோடு பகிர்ந்து எழுதினார். பதிப்புத் தொழிலின் உட்புறத்தை வாசகர் அறிந்தமையால், அவ்விதழ்கள் தளர்ந்து மீண்ட காலத்தில் பழைய இதழ்களைக் கட்டிக் காத்த வாசகர்களே அவற்றின் நினைவகமாயினர். பதிப்பாளர் வாசகரிடம் மனந்திறந்து பேசினால் வாசகர் அவ்விதழைத் தம்முடையதாகவே கொள்வர் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஜப்பானியர் கண்ட வழி

இதனோடு ஒப்பிடத்தக்க வரலாறு ஜப்பான் நாட்டில் உண்டு. அங்கு புன்கோ எனப்படும் சட்டைப்பை அளவுப் புத்தகம் பழமையானது. 1927இல் இவானாமி நிறுவனம், ஜெர்மானிய ரெக்லாம் பதிப்புகளை முன்மாதிரியாகக் கொண்டு, உலகச் செவ்வியல் நூல்களை அவ்வடிவில் மலிவாக வெளியிட்டது. அறுபதாண்டுகளுக்குப் பின், 1988இல் ஃபுஜிமி ஃபேண்டசியா, 1993இல் டெங்கெகி முதலிய வரிசைகள் அதே சிறிய வடிவில், இளைஞருக்கான மாயக் கதைகளையும் அறிவியற் கதைகளையும் சித்திரங்களோடு வழங்கின. இவற்றையே இன்று லைட் நாவல் என்று உலகம் அழைக்கின்றது.

அப்பெயரைச் சூட்டியவர் பதிப்பாளரும் அல்லர், பேராசிரியரும் அல்லர். 1990ஐ ஒட்டிய காலத்தில், கணினி வழியே கூடி உரையாடிய வாசகர்களிடையே அப்பெயர் பிறந்ததாகக் கூறப்படுகின்றது. தாம் விரும்பிய புத்தகங்களைச் சுட்ட ஒரு சொல் வேண்டியிருந்தது; அவர்களே ஆக்கிக்கொண்டனர். பதிப்புலகம் பின்னர் அதனை ஏற்றது. 2004 முதல், வாசகர் வாக்கெடுப்பைத் துணைக்கொண்டு அவ்வகை நூல்களைத் தரப்படுத்தும் ஆண்டுக் கையேடு ஒன்றும் அங்கு வெளிவரலாயிற்று. அதே 2004இல், எழுத்தாளர் ஆவோம் எனப் பொருள்படும் பெயரோடு ஓர் இணைய மேடையும் தோன்றியது. வாசகர் எழுதத் தொடங்கினர். அவருள் சிலரைப் பதிப்பகங்கள் தேடி வந்தன.

நம் மாத நாவலுக்கும் அந்நாட்டு லைட் நாவலுக்கும் ஒற்றுமைகள் பல: சிறு வடிவம், மலிவு விலை, விரைந்த வெளியீடு, தொடர்ந்து வரும் பாத்திரங்கள், கதையோடு சேர்ந்து நினைவில் நிற்கும் ஓவியர். ஜெயராஜ், மாருதி, அரஸ், ஷ்யாம் ஆகியோரின் கோடுகளின்றித் தமிழ் வாசகர் தம் கதைமாந்தரை நினைப்பதரிது. வேற்றுமையோ ஒன்றே, அதுவே பெரிது. அவர்கள் தம் வாசிப்பைப் பதிவு செய்தனர். நாம் படித்தவுடன் எடைக்குப் போட்டோம்.

1990களில் தனியார் தொலைக்காட்சி வீட்டினுள் நுழைந்தபோது மாத நாவலின் மாலைப்பொழுது பறிபோயிற்று. எழுத்தாளர்களும் அவ்வழி சென்றனர். இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மதேசம் தொலைக்காட்சித் தொடராகப் பெரும்புகழ் பெற்றது. சுபாவும் பட்டுக்கோட்டை பிரபாகரும் திரையுலகில் எழுதினர். வாசகர் கடிதப் பகுதிகள் சுருங்கின. அவற்றில் எழுதிய கைகள் இன்று எங்குள்ளன என்பதை யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

நாம் செய்ய வேண்டுவது

முயற்சிகள் முற்றும் இல்லாமலில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, பிறர் கழித்த அச்சுத் தாள்களையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் அச்சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் நாவலும் வாசிப்பும் 2002இல் வெளிவந்து, தொடக்ககால நாவல் வாசகரை ஆய்வுக்குரியோராக்கிற்று. 2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம், பிரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தமிழ் மலிவு நாவல்களின் தொகுதி ஒன்றை வெளியிட்டது. தமிழில் படித்து வீசியதை ஆங்கிலத்தில் வாங்கி அடுக்கினோர் நம்முள்ளும் உண்டு. இது மகிழத்தக்கதா, நாணத்தக்கதா என்பதை அன்பர்களே முடிவு செய்க.

செய்தித்தாள் காகிதம் நெடுநாள் நிற்பதன்று. மஞ்சளாகி, ஓரம் நொறுங்கி, கம்பி துருவேறி உதிர்ந்துவிடும். 1980களின் மாத நாவல்கள் இப்பொழுது அந்நிலையில்தான் உள்ளன. நூலகங்கள் அவற்றை இதழென்று கருதி ஆண்டுதோறும் கழித்தன. இதழ் சேகரிப்போர் அவற்றை நாவலென்று கருதி ஒதுக்கினர். இரண்டு வீட்டிற்கும் உறவாகி இரண்டு வீட்டிலும் உணவு கிட்டாத விருந்தாளியின் நிலை அது.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின் முன் மூன்று பணிகளை வைக்க விரும்புகின்றேன். முதலாவது, மாவட்டத்து வீடுகளின் பரண்களிலும் பழைய வாடகை நூலகங்களிலும் எஞ்சியுள்ள மாத நாவல்களைத் திரட்டி, அட்டை முதல் வாசகர் கடிதம் வரை ஒன்றும் விடாது ஒளிப்படி எடுத்தல். இரண்டாவது, அக்காலத்து வாசகர்களையும், இதழ் முகவர்களையும், பெட்டிக்கடைக்காரர்களையும் கண்டு அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்தல். அவர்கள் முதுமை எய்திவிட்டமையால் இது முந்திச் செய்ய வேண்டிய பணி. மூன்றாவது, ஆரணி குப்புசாமி முதலியாருக்கு அவர் ஊரிலேயே ஒரு நாள் கருத்தரங்கு நடத்துதல்.

இவற்றைச் செய்வதால் மாத நாவலெல்லாம் பேரிலக்கியம் ஆகிவிடப் போவதில்லை, ஆக வேண்டியதுமில்லை. கவிஞன் தன் கவிதைக்கு வாசகன் இல்லையே என்று வருந்துகின்றான். ஒரு காலத்தில் இம்மண்ணில் வாசகர் இலட்சக்கணக்கில் இருந்தனர், மாதந்தோறும் காத்திருந்தனர், படித்ததைப் பேசினர். அவர்கள் எவ்வாறு உருவாயினர், எவ்வாறு கலைந்தனர் என்பதை அறியாமல் புதிய வாசகரை உருவாக்குதல் இயலாது. மாத நாவலின் வரலாறு கவிஞனுக்கும் வேண்டுவது இதனால்தான்.