தலைமாட்டில் நிற்பவர்

பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் தஞ்சை அரசரிடமிருந்து காரைக்காலைப் பெற்றார்கள். 1954 நவம்பர் 1 அன்று விட்டுப் போனார்கள். அவர்கள் இருந்த கடைசிக் காலத்தில்தான் எடைதூக்குதல் சட்டதிட்டம் உள்ள விளையாட்டாக உருப்பெற்றது. அந்தச் சட்டம் பேசியதும் பிரெஞ்சுதான். 1920இல் அமைந்த உலகச் சம்மேளனம் பாரிசிலிருந்து இயங்கியது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மூன்று தூக்குகள் நிலைபெற்றன. அவற்றில் ஒன்று, நின்றபடி பாரைத் தலைக்கு மேல் தள்ளும் ‘தெவ்லொப்பே’. காரைக்கால் அலுவலகங்களில் கோப்பு எழுதிய அதே மொழியில், படுத்துத் தள்ளும் பென்ச் பிரஸுக்கும் இன்று ‘தெவ்லொப்பே கூஷே’ என்றுதான் பெயர். நின்று தள்ளியதற்கு நேர்ந்த கதியைத் தெரிந்துகொண்டால், படுத்துத் தள்ளுபவர் அடுத்தவர் பேச்சை ஏன் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

விறைப்பாக நின்று தள்ள வேண்டும் என்பதே பழைய விதி. வீரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பை முன்னே கொடுத்துப் பின்னால் சாயத் தொடங்கினார்கள். 1960களில் சிலர் வளைந்த வளைவு, நின்றுகொண்டே பென்ச் பிரஸ் போடுகிறார்களோ என்று கேட்கவைத்தது. எவ்வளவு சாய்ந்தால் தப்பு என்று நடுவர்களாலேயே சொல்ல முடியவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அந்தத் தூக்கையே எடுத்துவிட்டார்கள். பவர்லிஃப்டிங்கின் உலகச் சம்மேளனம் பிறந்ததும் அதே 1972இல். அந்த விளையாட்டின் மூன்று தூக்குகளில் பென்ச் பிரஸ் ஒன்று. தகராறு அங்கும் தொடர்ந்தது. முதுகை வில்லாக வளைத்துப் பாரைச் சில அங்குலம் மட்டும் இறக்கியவர்களுக்காக 2023இல் புது விதி வந்தது: பார் நெஞ்சில் இருக்கும்போது முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேற்பகுதிக்கு நேராகவோ அதற்குக் கீழாகவோ இருக்க வேண்டும். சாய்ந்தவரும் வளைந்தவரும் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் அல்லர். பாரம் ஏறினால் உடம்பு தானாகவே சுலபமான வழியைத் தேடிக்கொள்ளும். தூக்குகிறவருக்கு அது நேராகத்தான் தோன்றும்.

பென்ச்சில் படுத்தவருக்குத் தெரிவது கூரையும் பாரும்தான். தோள்பட்டை எலும்புகள் பின்னால் சேர்ந்து பென்ச்சில் பதிந்திருக்கின்றனவா, முழங்கைகள் சிலுவைபோல விரிகின்றனவா, மணிக்கட்டு பின்னால் மடங்குகிறதா, பார் நெஞ்சின் கீழ்ப்பகுதியில் இறங்குகிறதா அல்லது கழுத்துப் பக்கம் போகிறதா, பிட்டம் எழும்புகிறதா என்பதெல்லாம் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத்தான் படும். கட்டைவிரல் பாரைச் சுற்றிப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது ஒருமுறை நழுவக் கண்டவருக்குத் தெரியும். இளவட்டக்கல்லிலும் இதே கதைதான். பிடிமானமே இல்லாத உருண்டைக் கல். குனிந்து அணைத்து மடியில் ஏற்றி, நெஞ்சில் சாய்த்து, பிறகே தோளுக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்கிக் காட்டியவர் சொல்லித்தராமல் அந்த வரிசை யாருக்கும் பிடிபடாது. சொல்லித்தருபவர் வீட்டிலேயே இருப்பதும் உண்டு: 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய வேலூர் சதீஷ் சிவலிங்கத்தின் அப்பாவும் எடைதூக்கியவர்தான்.

இப்படிச் சொல்லித்தரும் பழையவர்கள் சொன்னதெல்லாம் சரியா? இல்லை. எடை தூக்கினால் உடம்பு இறுகிப்போகும், முழுக்க உட்கார்ந்தெழுந்தால் முட்டி போய்விடும் என்று மிரட்டியவர்களும் அவர்கள்தான். கைநீளம் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே பிடி எல்லாருக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. ஆனால் இந்த ஆட்சேபம், படத்தைப் பார்த்துக் கற்பதற்கு எதிராகவே அதிகம் பேசுகிறது. உங்கள் கையின் நீளம் படத்துக்குத் தெரியாது, எதிரே நிற்கும் மாஸ்டருக்குத் தெரியும். அவர் சொன்னதை வெறும் பாரில், 20 கிலோவில் போட்டுப் பார்த்தால் தோளே பதில் சொல்லிவிடும். அவர் சொல்கிற தொனிதான் பல பேருக்குக் கசக்கிறது, அதற்கு மருந்தில்லை. போட்டிக்குப் போனாலும் தலைமாட்டில் ஒரு நடுவர், பக்கத்துக்கு ஒருவர். மூவரில் இருவர் வெள்ளை விளக்கு போட்டால்தான் தூக்கு செல்லும். தூக்கியவருக்கு ஓட்டு கிடையாது.