கைவிடப்படுவோமோ என்னும் அச்சம்

அன்புக்குரியவரின் முகம் சற்றே வாடினாலும், நம்மை வெறுத்துவிட்டாரோ என்று பதறும் உள்ளங்கள் பல. மடல் வரத் தாமதித்தால் உறக்கம் போகும். உறவு நெருங்க நெருங்க அச்சமும் வளரும். உலகம் இதனைச் சந்தேக புத்தி என்று எளிதாக ஒதுக்கிவிடுகிறது. ஆயினும் இவ்வச்சத்தைப் புரிந்துகொள்ள மனிதர் எடுத்த முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரிட்டனின் நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிச் சிறுவர். அவ்வாண்டு டிசம்பரில் ஜான் பௌல்பி, டொனால்டு வினிகாட், இமானுவேல் மில்லர் ஆகிய மருத்துவர் மூவர், 2 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது உள்ளத்துக்குத் தீங்கு பயக்கும் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எச்சரித்தனர்.

மருத்துவமனைகளில் குழந்தைகளைப் பெற்றோர் காண்பதற்கும் அன்று கடுங்கட்டுப்பாடு இருந்தது. பௌல்பியின் உடனுழைப்பாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனித்திருந்த இரண்டு வயதுச் சிறுமியின் துயரை 1952இல் திரைப்படமாகக் காட்டினார். மருத்துவ உலகில் பலர் சினந்தனர். எனினும் 1959இல் பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வந்துசெல்ல வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

தாயின் பிரிவையே பௌல்பி மிகைப்படுத்தினார் என்ற குறையும் எழுந்தது. பிற உறவுகளும் குடும்பச் சூழலும் முக்கியமானவை என்பதை மைக்கேல் ரட்டர் 1972இல் எடுத்துக்காட்டினார். எனவே, அன்னையர்மீது பழி சுமத்துவதற்கு இவ்வரலாறு துணைநில்லாது.

உகாண்டாவிலும், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் குழந்தைகளைக் கூர்ந்து நோக்கியவர் மேரி எயின்ஸ்வொர்த். தாய் சற்றுநேரம் அகன்று திரும்பியதும், சில குழந்தைகள் விரைவில் தேறி விளையாடின. சில முகம் திருப்பின. சில தாயைப் பற்றிக்கொண்டே ஆறாது அழுதன. வளர்ந்தோரின் காதலிலும் இவற்றையொத்த சாயல்கள் உண்டென ஹேசன், ஷேவர் ஆகிய இரு ஆய்வாளர் 1987இல் எழுதினர்.

அப்படியாயின், குழந்தைப் பருவமே தலைவிதியா? அன்று என்று பௌல்பி மறுத்தார். 1988இல் வெளியிட்ட நூலில், ஆற்றுப்படுத்துநரின் பணியை அவர் விளக்கினார். துயர நினைவுகளை அஞ்சாது திரும்பிப் பார்ப்பதற்கு, தம்மை நாடி வந்தவருக்குப் பாதுகாப்பான தளமாக அமைவதே முதற்பணி. அதன்மேல் நின்று அவர் தம் இன்றைய உறவுகளை ஆராய்கிறார். ஆற்றுப்படுத்துநர்மீது தமக்கு எழும் ஐயத்தையும் அவரிடமே பேசுகிறார். பழைய காயம் கற்பித்த எதிர்பார்ப்பை இன்றைய மனிதர்மீது சுமத்துகிறோமோ என்று வினவுகிறார். அவ்வினா உள்ளத்தில் எழும் நாளில் அச்சத்தின் பிடி தளரத் தொடங்குகிறது.

இது ஓரிரு நாளில் முடிவதன்று. அச்சம் முற்றிலும் அகலும் என்ற உறுதியுமில்லை. ஆனால், இளமையில் இடர்ப்பட்டோரும் தம் கதையைத் தெளிவாகச் சொல்லக் கற்று, நிலைத்த உறவுகளை அமைத்துக்கொள்ள முடியும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இளமையில் கிடைக்காத நம்பிக்கையைப் பின்னாளிலும் ஈட்டலாம். அதை ஈட்ட ஒருவரின் துணையை நாடுவது இழுக்கன்று, துணிவேயாகும்.