பீரோவின் மேல் இருந்த பெட்டி

1950களில் ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர்கள் பலரிடம் ஓர் ஐந்து வருடக் கணக்கு இருந்தது. ஐந்து வருடம் வேலை பார்ப்பது, கொஞ்சம் பணம் சேர்ப்பது, ஊர் திரும்புவது. கொண்டுவந்த பெட்டியை வாடகை அறையின் பீரோவுக்கு மேலே தூக்கி வைத்தார்கள். ஜமைக்கர்கள் அதைக் 'கிரிப்' என்பார்கள். எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்பதுபோல அது அங்கேயே இருந்தது. ஐந்து பத்தானது, பத்து இருபதானது. ஒருநாள் கீழே ஒரு சோபா வந்து சேர்ந்தது. சோபாவைத் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியாது. அந்நிய நாட்டில் ஒரு பெண் முதன்முதலாகக் கனமான பொருளொன்றை வாங்கும் நாள், ஊர் திரும்பும் கணக்கை அவள் மனதுக்குள் திருத்திக்கொண்ட நாளும்கூட. குடியேற்ற வரலாறுகள் கப்பல்களின் பெயரையும் சட்டங்களின் ஆண்டையும் விடாமல் குறிக்கின்றன. இந்த நாளைப் பெரும்பாலும் தவறவிடுகின்றன.

கப்பலின் பெயர் நமக்கும் தெரிந்ததுதான். 'எம்பயர் விண்ட்ரஷ்' 1948 ஜூன் 22இல் லண்டனுக்கு அருகே டில்பரி துறைமுகத்தில் ஆட்களை இறக்கியது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் காலனிகளின் மக்களையும் பிரிட்டனின் குடிமக்களாக ஏற்றது. ஜூலை 5இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அதற்குத் தாதியர் தேவைப்பட்டார்கள். ஆக, அழைப்பு இருந்தது, வேலை இருந்தது. தங்க இடம் இல்லை. 'கறுப்பர்களுக்கு இல்லை' என்ற அட்டைகள் வாடகை வீடுகளின் ஜன்னல்களில் வெளிப்படையாகவே தொங்கின. இனப்பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டம் 1965இல் வந்தபோது வீட்டு வாடகையை அது தொடவில்லை, 1968இல்தான் தொட்டது. விண்ட்ரஷ் வந்ததிலிருந்து இருபது ஆண்டுகள், ஒரு பெண்ணின் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்துவது சட்டப்படி குற்றமில்லை.

திறந்த கதவுகளுக்குப் பின்னால் இருந்தவை ஒற்றை அறைகள். வீட்டுக்காரரின் கட்டில், வீட்டுக்காரரின் பீரோ, காசு போட்டால் மட்டும் எரிகிற கேஸ் மீட்டர். மாடிப்படித் திருப்பத்தில் எல்லாக் குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரே அடுப்பு, சமைப்பதற்கு வரிசை. குளிருக்கு மண்ணெண்ணெய்க் கணப்பு. அது அறையைச் சூடாக்கும், சுவரை ஈரமாக்கும், துணியிலெல்லாம் வாடையேற்றும். மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து வருகிறவளுக்கு அந்த அறையில் தன்னுடையது என்று சொல்லப் பெட்டி ஒன்றுதான். தாதிப் பயிற்சியிலும் ஒரு சூது இருந்தது. கரீபியப் பெண்கள் பலரை மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பதிலாகக் கீழ்நிலையான இரண்டாண்டுப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழ் கரீபியத் தீவுகளில் செல்லாது. திரும்பிப் போகும் வழி இப்படியும் அடைபட்டது.

வங்கிகளும் வீட்டுக்கடன் சங்கங்களும் பெரும்பாலும் கைவிரித்தன. அப்புறம் எங்கிருந்து வந்தது சோபா? பதில் நமக்கு மிக நெருக்கமானது: சீட்டு. ஜமைக்காவில் இதைப் 'பார்ட்னர்' என்றார்கள், டிரினிடாடில் 'சூசூ'. ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. இருபது பேர் வாரம் ஒரு பவுண்டு போட்டால், வாரம் ஒருவர் கையில் இருபது பவுண்டு. பணம் வாங்கி வைத்துப் பகிர்பவரை 'பேங்கர்' என்பார்கள். அநேகமாக அது ஒரு பெண். பத்திரமில்லை, கையெழுத்தில்லை, அவள் வாக்குதான். சூசூ என்ற சொல் மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மொழியின் 'எசுசு'வோடு தொடர்புடையது. அடிமைக் கப்பல்களில் எதையும் கொண்டுவர அனுமதிக்கப்படாதவர்கள் கொண்டுவந்தது இது. லண்டன், பர்மிங்காம், லீட்ஸ் நகரங்களில் பல குடும்பங்கள் முதல் வீட்டுக்கு முன்பணம் கட்டியது இந்தப் பணத்தில்தான்.

வீடு வந்ததும் அதன் தெருப்பக்க அறையை, முன்னறையை, ஜோடித்தார்கள். 60களிலும் 70களிலும் இங்கிலாந்து முழுக்கக் கரீபிய வீடுகளில் இந்த அறை ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. தொட்டால் வெல்வெட் போல மெத்தென்றிருக்கும் பூப்போட்ட சுவர்த்தாள். அதோடு சற்றும் ஒட்டாத பூப்போட்ட கம்பளம். பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா. தேநீர் ஊற்றப்படாத தேநீர்க் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. வாடாத பிளாஸ்டிக் பூ. அன்னாசிப் பழ வடிவில் பனிக்கட்டி வைக்கும் ஜாடி. சுவரில் இயேசுவின் இறுதி இராவுணவு, அருகே பட்டமளிப்பு உடையில் பிள்ளைகளின் புகைப்படம். ஒரு மூலையில் அலமாரி அளவுக்கு ரேடியோகிராம். ஜெர்மானிய 'பிளாவ்பங்க்ட்' கம்பெனியுடையதை 'புளூ ஸ்பாட்' என்று செல்லமாக அழைத்தார்கள். தவணையில் வாங்கியது. ஞாயிறுதோறும் அதில் ஜிம் ரீவ்ஸ் பாடுவார். பிள்ளைகள் உள்ளே நுழையக் கூடாது. சனிக்கிழமை தூசி துடைக்க நுழையலாம்.

இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள், வளர்ந்து கல்லூரிக்குப் போன சொந்தப் பிள்ளைகளும் சிரித்தார்கள். (நம் வீட்டு ஷோகேஸில் பொம்மைகளை அடுக்கி வைத்த அம்மாக்களைப் பார்த்து நாம் சிரித்ததுபோல.) விக்டோரியா காலத்து வெள்ளைக்காரர் வரவேற்பறையின் நகல் என்பது குற்றச்சாட்டு. காலனியமும் மிஷனரிகளும் கற்றுக்கொடுத்த 'கண்ணியம்' அதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அறையின் குரோஷே விரிப்புகளை நினைத்துப் பாருங்கள். மேசைமேல், சோபாவின் முதுகில், பூச்சாடிக்கு அடியில் என்று எங்கும் கையால் பின்னிய வட்ட விரிப்புகள். ஓரங்கள் அலையலையாக எழுந்து நிற்கும். அப்படி நிற்க வைப்பதற்குக் கஞ்சி போடுவதுபோல் சர்க்கரைத் தண்ணீரில் முக்கி, வடிவம் பிடித்துக் காயவைப்பார்கள். சர்க்கரை! அந்தத் தீவுகளுக்கு அவர்களுடைய மூதாதையரைச் சங்கிலியிட்டுக் கொண்டுவந்ததே கரும்புக்காக. 1834இல் அடிமைமுறை ஒழிந்ததாக அறிவித்தபின்னும் 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை கரும்புக் காட்டில் கட்டிவைத்தார்கள். அந்த வரலாற்றின் பேத்திகள் வெள்ளையனின் நாட்டில், தன் பெயரிலான மேசைமேல், சர்க்கரையைப் பூவாக நிறுத்தினார்கள். இதை நகல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெட்டி ஃப்ரீடன் 1963இல் இல்லத்தரசியின் மூச்சுமுட்டலை எழுதியபோது, வீடு பெண்ணுக்குச் சிறை என்பது பெண்ணியத்தின் பொதுமொழியானது. அடுத்தவர் வீட்டையும் அடுத்தவர் ஆஸ்பத்திரியையும் துடைத்துவிட்டு வந்து, தனக்கென்று ஓர் அறை கேட்டுக் கதவு கதவாகத் தட்டியவளுக்கு அந்த மொழி பொருந்தாது. கறுப்பினப் பெண்களுக்கு வீடு எதிர்ப்பின் இடமாகவும் இருந்தது என்று 1990இல் பெல் ஹூக்ஸ் எழுதினார். பிரிட்டனில் பெவர்லி பிரையன், ஸ்டெல்லா டாட்ஸி, சுசான் ஸ்கேஃப் மூவரும் 1985இல் வெளியிட்ட 'தி ஹார்ட் ஆஃப் தி ரேஸ்' கறுப்பினப் பெண்களின் உழைப்பையும் போராட்டத்தையும் அவர்கள் குரலிலேயே பதிவுசெய்தது. இவற்றை வகுப்பில் நான் உற்சாகமாகவே சொல்வேன். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. அந்த எதிர்ப்பைப் பின்னியது யார், எந்த நேரத்தில்? இரவுப்பணிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் இடையில், தூங்கியிருக்க வேண்டிய நேரத்தில். பாஸ்டரும் உறவுக்காரர்களும் வந்து உட்கார்ந்த சோபாவில் அவள் எத்தனை முறை காலை நீட்டிப் படுத்திருப்பாள்? குடும்பத்தின் மானத்தைக் காட்டும் அறையைத் துடைக்கும் பொறுப்பு அங்கும் அம்மாவுக்கும் மகளுக்கும்தான். போற்றுவதோடு நின்றால் அவளுடைய முதுகுவலி கணக்கில் வராது.

இந்த அறை அருங்காட்சியகத்துக்குப் போன கதையும் உண்டு. லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் இருந்த ஜெஃப்ரி அருங்காட்சியகம், 1600 முதலான ஆங்கில நடுத்தர வர்க்க வரவேற்பறைகளை வரிசையாக அமைத்துக் காட்டியது. செயின்ட் வின்சென்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த மைக்கேல் மெக்மில்லன், 2005இல் அங்கே கரீபிய முன்னறையை ஒரு கண்காட்சியாக நிறுவினார். இன்று 'மியூசியம் ஆஃப் தி ஹோம்' என்று பெயர் மாறியிருக்கும் அதே இடத்தில் அது நிரந்தர அறைகளில் ஒன்று. பழைய பெயருக்குரிய ராபர்ட் ஜெஃப்ரி, அடிமை வணிகத்தில் முதலிட்டு லாபம் பார்த்தவர். 2020இல் கருத்துக் கேட்டபோது பெரும்பான்மையோர் கட்டடத்தின் முகப்பிலுள்ள அவர் சிலையை அகற்றச் சொன்னார்கள். நிர்வாகம் அகற்றுவதில்லை என்று முடிவுசெய்தது.

அருங்காட்சியகத்துக்கு வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2014இன் குடியேற்றச் சட்டம், வாடகைக்கு விடும் முன் குடியிருப்பவரின் குடியேற்றத் தகுதியைச் சரிபார்க்கும் கடமையை வீட்டுக்காரர்கள்மீது சுமத்தியது. சிறுவயதில் தாயோடு வந்து ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்கள் வேலையையும் வீட்டையும் மருத்துவத்தையும் இழந்தார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். விவகாரம் 2018இல் வெடித்தது. வசித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆவணம் காட்டச் சொல்லியிருந்தது அரசு. ரேடியோகிராமின் தவணை ரசீதை யார் ஐம்பது வருடம் வைத்திருப்பார்கள்? அவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய நாளைக் குறித்த வருகை அட்டைகளை உள்துறை அமைச்சகமே 2010இல் அழித்துவிட்டிருந்தது.