ஊருக்கு வந்து போக ஒரு பரோல்



சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மூத்த மகன், என்னிடம் படித்தவன்தான், வரவில்லை. இளையவன் கொள்ளி வைத்தான். "டாலரைப் பார்த்ததும் அப்பனை மறந்துட்டான்" என்று பந்தலிலேயே பேச்சு. அவனுடைய பயண அனுமதி காலாவதியாகி, புதியது இன்னும் கைக்கு வரவில்லை. புறப்பட்டால் திரும்ப நுழைவது சிக்கல். இதைச் சொன்னேன். "இத்தனை வருஷமா அங்கே வேலை பாக்குறான், வரி கட்டுறான், வீடு வாங்கிட்டான். திரும்பிப் போக அனுமதியா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் அமெரிக்காவுக்குத் தற்காலிகமாகப் போனவர், அங்கே இருந்தபடியே நிரந்தர வசிப்புரிமை பெற வழியில்லை. அந்த விசாவை வெளிநாட்டிலுள்ள தூதரகம்தான் தரவேண்டும். அதனால் 1935-லிருந்து ஒரு விநோத ஏற்பாடு நடந்தது. அமெரிக்காவிலேயே அதிகாரிகள் ஆளை முன்கூட்டி விசாரித்துச் சரி என்பார்கள். அவர் எல்லை தாண்டிக் கனடா போய், அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா வாங்கிக்கொண்டு மறுபடி நுழைவார். நம்மவர்களுக்கு அதுவும் எட்டாத தூரம். 1917 சட்டமே இந்தியாவை அடைத்துவிட்டது. 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் கதவைக் கொஞ்சம் திறந்தது. எவ்வளவு? ஆண்டுக்கு 100 பேர். நம் பள்ளியில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள்!

1952-ல் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது. அதிபர் ட்ரூமன் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது. நம் கதைக்கு அதில் இரண்டு பிரிவுகள் முக்கியம். ஒன்று, நாட்டுக்குள் இருந்தபடியே நிரந்தரவாசியாக மாற விண்ணப்பிக்கலாம் என்ற 245-ஆம் பிரிவு. இன்று நம் பிள்ளைகள் ஐ-485 என்று சொல்லும் விண்ணப்பம் அதிலிருந்து வருவது. இன்னொன்று பரோல்.

ஆமாம், ஜெயிலில் இருந்து வருகிறார்களே, அதே பரோல்தான். பிரெஞ்சு மொழியில் 'வாக்கு' என்று பொருள். 'திரும்பி வருகிறேன்' என்று வாக்குக் கொடுத்த போர்க்கைதியை விடுவிப்பார்கள். குடியேற்றச் சட்டத்தில் அதற்கு நுட்பமான அர்த்தம் உண்டு: பரோலில் நுழைபவரின் உடல் நாட்டுக்குள் இருக்கும், ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் வாசலில் நிற்கிறார். வெளியே போகும் முன்பே அதை வாங்கிக்கொண்டால் 'அட்வான்ஸ் பரோல்'. அது இல்லாமல் கிளம்பினால், விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எல்-1 விசாவில் தொடர்பவர்களுக்கு மட்டும் 1999-ல் விலக்குத் தந்தார்கள்.

வேலை அனுமதிக்கு வருகிறேன். உரிமையில்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு 1986 வரை கூட்டரசுச் சட்டத்தில் பொதுவாகத் தண்டனை இல்லை. அந்த ஆண்டு ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அதை மாற்றியது. 'காகிதத்தைக் காட்டு' என்று முதலாளி கேட்கத் தொடங்கியது அப்போதுதான். ஈ.ஏ.டி. என்ற அட்டைக்கு இவ்வளவு மதிப்பு வந்ததும் அதன்பிறகே.

இவையெல்லாம் கொஞ்ச காலக் காத்திருப்புக்காகப் போட்ட திண்ணைகள். வழிப்போக்கர் சற்று உட்கார்ந்து போகத்தான் திண்ணை. அதிலேயே குடித்தனம் நடத்தும்படி ஆனது 1990 சட்டத்தால். வேலைவாய்ப்பு வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. மனைவி, பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அதாவது ஏறக்குறைய 9,800. மற்ற நாட்டார் விட்ட மிச்சம் சில ஆண்டுகளில் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். அதே சட்டம் எச்-1பி விசாவையும் உண்டாக்கியது; அதற்கு நாட்டுவாரி வரம்பே இல்லை. நுழையும் வாசல் அகலம், உள்வாசல் குறுகல். இதை எழுதியவர்களுக்குக் கணக்கு வரவில்லையா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. 2000-ல் கிளின்டன் காலத்துச் சட்டம், எச்-1பியை ஆறு ஆண்டுக்கு மேலும் நீட்டிக்கவும், ஐ-485 கொடுத்து 180 நாள் ஆனபின் அதே மாதிரி வேறு வேலைக்கு மாறவும் இடம் கொடுத்தது. திண்ணையில் மேலும் ஒரு பாய்.

2007 ஜூலையை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். வரிசைத் தேதி வராமல் ஐ-485 கொடுக்கவே முடியாது, கொடுக்காமல் ஈ.ஏ.டி., பரோல் எதுவும் கிடையாது. அந்த மாத அறிவிப்பில் வேலைவாய்ப்புப் பிரிவு கிட்டத்தட்ட முழுவதும் திறந்தது. ஓடி ஓடி மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, போட்டோ, வக்கீல் கட்டணம். ஜூலை 2-ஆம் தேதி, 'எண்கள் தீர்ந்துவிட்டன, விண்ணப்பம் வாங்கமாட்டோம்' என்றார்கள். நம்மவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்னாபாய் சினிமாவில் பார்த்த காந்திகிரியைக் கையில் எடுத்தார்கள். குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸ் பெயருக்குப் பூங்கொத்துகள் குவிந்தன. அவர் அவற்றை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார். வழக்கும் போட்டார்கள். ஜூலை 17-ல் முடிவு மாறியது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பம் வாங்கினார்கள். பூவுக்காகவா வழக்குக்காகவா என்று கேட்டால் வழக்குக்குத்தான் அதிக பங்கு என்பேன். ஆனாலும் பூவை மறக்க முடியவில்லை.

2011-ல் வேலை அனுமதியும் பயண அனுமதியும் ஒரே அட்டையில் வந்தன. 2015-ல் ஒபாமா காலத்தில் எச்-4 விசாவில் இருக்கும் மனைவி, கணவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. அதுவரை பொறியியல் படித்த நம் பெண்கள் எத்தனை பேர் வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள்!

அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எச்-1பியை விட்டு ஈ.ஏ.டி.யில் வேலைக்கு மாறினால் 1999 விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. பரோல் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். பெற்றோர் உடல்நிலை மோசமென்றால், உள்ளூர்க் குடியேற்ற அலுவலகத்தில் மருத்துவச் சான்றோடு அவசர பரோல் கேட்க வழி உண்டு. வக்கீலிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

2007-ல் பூ அனுப்பியவர்கள் யாராவது இதைப் படித்தால், என்ன பூ என்று கீழே எழுதுங்கள்.