நீதியின் நாற்காலி

செங்கற்பட்டுச் சீமையின் கடலோரச் சிற்றூர் நெம்மேலி. அவ்வூர் உழவன் ஒருவன் நிலவழக்கிலே தோற்றால், மேல்முறையீட்டுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லலாம். அங்கும் தோற்றால் டில்லி. இரண்டு இடத்திலும் உச்சியிலே ஒரு நாற்காலி. தலைமை நீதிபதியின் நாற்காலி! அதிலே அமர்ந்தோர் யார்? அமர முடியாதிருந்தோர் யார்?

ஆண்டவன் அருளிய பீடமன்று அது. ஆங்கிலேயர் அமைத்த ஆசனம். 1801இல் சென்னையில் அமைந்த சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி தாமஸ் ஸ்ட்ரேஞ்சு. 1862இல் உயர்நீதிமன்றம் பிறந்தது. அப்போதும் தலைவர் வெள்ளையரே. 1893இல் முத்துசாமி அய்யர் அப்பொறுப்பைத் தற்காலிகமாக வகித்தார். நிலையான தலைமை நீதிபதியாக ஓர் இந்தியர், பி. வி. இராசமன்னார், அமர்ந்தது 1948இல். 147 ஆண்டுக் காத்திருப்பு! டில்லியிலோ, 1937இல் தோன்றிய கூட்டாட்சி நீதிமன்றத்தின் வழியிலே, 1950 சனவரியில் உச்சநீதிமன்றம் எழுந்தது, எச். ஜே. கனியா இந்தியாவின் முதல் தலைமை நீதிபதியானார்.

நம்மவர் அமர்ந்தார், நீதி நிலைத்துவிட்டதா? 1950 சூலையில், இராசமன்னார் தலைமையிலான ஆயமே வகுப்புவாரி ஆணை செல்லாதென்றது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டு சூனில் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது! நாற்காலி பெரிது, அதனினும் பெரியது விழித்தெழுந்த மக்கள் மன்றம்.

மனிதரைப் பழிப்பதற்கன்று இதைக் கூறுவது. அதே இராசமன்னார்தான் 1969இல் மாநில உரிமைகளை ஆராயத் தமிழக அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஆளைப் பார்த்து ஆத்திரப்படுவதைவிட, அமைப்பை ஆராய்வதே அறிவு.

பிறப்பினால் தண்டனையை அளந்த மனுவின் நாட்டிலே, தாழ்த்தப்பட்ட சமூகத்தின் அ. வரதராசன் 1973இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1980இல் உச்சநீதிமன்றம் ஏறினார். அச்சமூகத்தவர் ஒருவர், கே. ஜி. பாலகிருட்டிணன், இந்தியத் தலைமை நீதிபதியானது 2007இல். குடியரசு பிறந்து 57 ஆண்டுகளுக்குப் பின்! பெண்கள்? 1950 முதல் 2025 முடிய, ஒருவர்கூட அந்த நாற்காலியில் அமரவில்லை.

தோழர்களே! நெம்மேலி உழவன் நீதி கேட்டு வாயிலில் நின்றால் மட்டும் போதாது. அவன் மகள் சட்டம் கற்று, தீர்ப்பு எழுதும் இடத்திலே அமரவேண்டும். அந்நாள்வரை நாற்காலியை வணங்காதீர். அதன் வரலாற்றைப் படியுங்கள், கேள்வி கேளுங்கள்!